வீரை மரத்துக் குழை

என் மேசைக்கு மேலே சுவரில் வன்னியின் வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பிட்ட வகை வண்டு இருக்கிற இடம். வவுனியாப் பக்கம், பூவரசங்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து பேனை கசிந்த மாதிரி ஒரே சிவப்பாகக் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்த இடத்தில்தான் விரலை வைத்து இது என்ன இடம் என்று கேட்பார்கள். எங்கள் அக்காவின் காணி என்று சொல்வேன். சொல்லும்போது என் முகம் எப்படிப் போகிறதோ தெரியாது. யாரும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை.

அந்த வண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்காவின் காணி போனது அதனால்தான். பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. சாம்பல் பூசிய மண்ணிறம். முதுகில் வெளிறிய பொட்டுகள். மீசை உடம்பைவிட நீளம். கையில் பிடித்தால் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கிறீச் கிறீச் என்று கத்தும். பொன்வண்டு என்றால் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வைத்து இலை போட்டு வளர்ப்பார்கள். இதை யாரும் அப்படி வைத்திருந்து நான் கண்டதில்லை. அழகில்லாதவற்றுக்கு ஊரில் பெயரும் வைப்பதில்லை. இதற்கும் தனிப்பெயர் கிடையாது. வண்டு என்றால் வண்டு, அவ்வளவுதான். விஞ்ஞானப் பெயர் ஒன்று இருக்கிறது. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

இது முட்டையிடுவது செத்த கிளையில். ஆனால் எந்தச் செத்த கிளையிலும் இடாது. முறிந்து கனகாலம் ஆகாத, பட்டை உரியாத கிளையாக இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் பட்டை வெடித்து உள்ளே காய்ந்துவிடும். நிலத்தில் கிடந்தால் கறையான் முந்திவிடும். ஆகவே நிழலில், நிலத்தில் படாமல், எங்காவது தொங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் காய்கிற கிளை வேண்டும். மூத்த காட்டில் அது தாராளமாகக் கிடைக்கும். ஒரு பாலை மரத்தின் கொப்பு முறிந்தால் நேரே நிலத்துக்கு வராது. பக்கத்து மரத்தின் கவட்டில் மாட்டும், அல்லது கொடியில் சிக்கி அங்கேயே கிடக்கும். காரையும் சூரையும் ஈச்சையும் பற்றிய பற்றைக் காட்டில் முறிவதற்குக் கொப்பும் இல்லை, மாட்டுவதற்குக் கவடும் இல்லை. அதனால் இந்த வண்டு இருக்கிற இடம் மூத்த காடு என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நானும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற, நான் சேர் என்று கூப்பிடுகிற பேராசிரியரும். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். நாற்பது வயதில் மேற்படிப்பு ஆசை வந்து அவரிடம் பதிந்தேன். வன்னியில் இந்த வண்டு எங்கெங்கே பரந்திருக்கிறது, எப்படியான இடத்தில் வாழ்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சனி ஞாயிறுகளில் காட்டோரங்களுக்குப் போவோம். பெருவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையான செத்த கிளைகளைப் பொறுக்கி உரப்பைகளில் கட்டுவோம். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாஸ்ரிக் பீப்பாய்ப் பரல்களுக்குள் போட்டு வாயை நுளம்பு வலையால் கட்டி வைப்பேன். உள்ளே புழு இருந்தால் கிளையிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டும். மழை தொடங்கினால் வண்டு வெளியே வரும். வருகிற ஒவ்வொரு வண்டுக்கும், அதன் கிளை எடுத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன்.

என் வீட்டுக் குசினிக்குப் பின்னால் வரிசையாக நின்ற பரல்களைப் பார்த்து அக்கா ஒருநாள் கேட்டாள்.

"உந்தப் பூச்சியளை வளத்து என்ன செய்யப் போறாய்? விக்கவோ?"

"விக்கேலாது அக்கா. எங்க இருக்கு, எங்க இல்லை எண்டு பாக்கிறது."

"இருக்கிற இடத்தில இருக்கும். இல்லாத இடத்தில இருக்காது. இதுக்கு ஒரு படிப்பு" என்று சொல்லி, பரல் ஒன்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே புழு மரத்தைக் கறும்புகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "பசிபோல கிடக்கு" என்றாள்.

இல்லாத இடத்தையும் பதிய வேண்டும் என்பது இந்த வேலையின் விதி. தேக்கந் தோட்டங்களில் இல்லை. ஆட்கள் குடிபெயர்ந்து போன பிறகு வயலிலும் தோட்டத்திலும் பற்றிய இளங்காட்டில் இல்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் கரையோரத்திலும் பார்க்க வேண்டும் என்று சேர் சொன்னார். போனோம். மணலும் தலை போன பனைகளும் வெயிலும்தான் இருந்தன. வண்டு இல்லை என்று பதிந்துகொண்டு திரும்பினோம். அந்தக் கடற்கரையில் அதற்கு முன்பும் நான் இருந்திருக்கிறேன், அக்காவோடு, எல்லாரோடும். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

முள்ளியவளைக்கு அப்பால் காட்டில் சில புள்ளிகள் கிடைத்தன. அங்கே ஒரு பாலை மரத்தின் செத்த கொப்பை அரிந்துகொண்டிருந்தபோது வாள் கிரீச்சிட்டுப் பல் உடைந்தது. உள்ளே இரும்பு. எறிகணைச் செல் துண்டு. அந்தப் பக்கத்து மரங்களில் அது புதினமில்லை. மரத்தை ஏற்றிக்கொண்டு போனால் அரிவு ஆலைக்காரர் முதலில் எந்தக் காட்டு மரம் என்றுதான் கேட்பார்கள். மரம் இரும்பைச் சுற்றித் தசை வைத்து மூடி, வெளியில் ஒன்றும் தெரியாமல் நிற்கும். வாளைக் கீழே போட்டுவிட்டு நான் சேரிடம் சொன்னேன், அந்த வருடங்கள் இந்த வண்டுக்கு நல்ல வருடங்களாக இருந்திருக்கும் என்று. காடு முழுக்கக் கொப்புகள் முறிந்து தொங்கியிருக்கும், பொறுக்க விறகுக்காரர்கூட வந்திருக்கமாட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இனி அக்காவின் காணிக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். குளத்துக்குக் கீழே வயற்காணிகள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்திருந்தன. எங்கள் ஆட்களுக்கு மிஞ்சியது மேட்டில், காட்டோரமாக. அப்பா வெட்டினார், எரித்தார், வேர் பிடுங்கினார். உழுந்தும் கச்சான் கடலையும் போட்டார். காணிக்கு உறுதிப் பத்திரம் என்று ஒன்றும் இல்லை. அக்கா கலியாணம் முடித்தபோது அந்தக் காணியை அவளுக்குக் கொடுத்தார்கள். நான் படித்தேன், உத்தியோகம் எடுத்தேன். அக்கா மண்ணைக் கொத்தினாள். அவளுக்கு அந்த நிலத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது, இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. காணி போனால் அவள் கூலிக்குத்தான் போக வேண்டும். வயது அறுபதை நெருங்குகிறது.

வன்னியில் காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மரத்தை வைத்திருப்பார்கள். விறகுக்குப் போனாலும் தேனுக்குப் போனாலும் மாடு தேடிப் போனாலும், ஒரு குழையை, இலையோடு ஒரு சின்னக் கொப்பை, முறித்து அந்த மரத்தின் கவட்டில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார்கள். ஐயனாருக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம், பத்திரமாகத் திரும்ப விடு என்று அதற்கு அர்த்தம். வேறு பூசை இல்லை, மணி இல்லை, கற்பூரம் இருந்தால் கொளுத்துவார்கள், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மலையில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இங்கே வந்து பழகியது. புதிதாகப் பழகியவர்கள்தான் எதிலும் கறாராக இருப்பார்கள். ஊர்க்காரர் அவசரத்துக்கு ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அக்கா நல்ல கொப்பாகப் பார்த்து, இலையோடு முறித்து, கீழே விழாதபடி கவட்டில் செருகிவிட்டுத்தான் போவாள்.

அந்த நாளில் ஊரின் மரம் எங்கள் காணிக்குப் பின்னால் நின்றது. பெரிய பாலை மரம். காணி முடிந்து காடு தொடங்குகிற இடம் அதுதான்.

ஒருநாள் செல் சத்தத்துக்கு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அக்காவின் புருசன், எங்கள் அத்தான், பின்னால் ஓடினார். அக்கா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாலை மரத்தைத் தாண்டும்போது அவர் நிற்கவில்லை, குழை முறிக்கவில்லை. மாட்டைப் பிடிக்கிற அவசரம். மாடு பொழுதுபடத் தானாக வந்தது. அத்தான் வரவில்லை. ஊராக்கள் தேடப் போனார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குள் சண்டை கிட்ட வந்துவிட்டது. எல்லாரும் வெளிக்கிட்டோம். அக்காவை இழுத்துக்கொண்டுதான் போனோம். பிறகு கிளிநொச்சி, பிறகு முல்லைத்தீவு, பிறகு அந்தக் கடற்கரை, பிறகு முள்ளுக்கம்பி போட்ட முகாம். ஒவ்வொரு இடத்திலும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான். "அண்டைக்கு அவர் குழை போடாமல் போனவர்."

திரும்பி வந்தபோது காணி இல்லை. அதாவது நிலம் இருந்தது, அதன் மேல் காடு இருந்தது. காரை, சூரை, நாயுண்ணி, இடையில் தலைக்கு மேல் வளர்ந்த இளமரங்கள். வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பின்பக்கம் முழுக்க மிதிவெடிப் பலகையும் நாடாவும் கட்டியிருந்தார்கள். பழைய பாலை மரத்துக்குப் போக வழியில்லை. அக்கா காணிக்கு முன்னால், ஒழுங்கைப் பாதையோரத்தில் நின்ற ஒரு வீரை மரத்தைப் பார்த்தாள். அதிலே ஒரு கொப்பை முறித்தாள். கவட்டில் செருகிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு தன்னுடைய காணிக்குள் போனாள்.

அவள் பார்வைக்கு அது காடு. காட்டுக்குள் போவதென்றால் குழை போட வேண்டும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மிதிவெடி எடுத்து முடிந்த பிறகும் அந்த மரத்தை அவள் மாற்றவில்லை. ஒருமுறை வைத்த இடத்தை மாற்றக் கூடாது என்றாள். ஒழுங்கைக்கு மறுபக்கம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, காணியில் பாதியை வெட்டித் திருத்தி உழுந்து போட்டாள். மற்றப் பாதி கைக்கு எட்டவில்லை, தனி ஆள் எவ்வளவு வெட்டுவது? ஊராக்களும் அவளைப் பார்த்து அதே வீரை மரத்தில் குழை போடத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் எப்போதாவது போகிறவர்கள். அக்கா ஒவ்வொரு நாளும் போகிறவள். ஒவ்வொரு நாளும் இரண்டு கொப்பு, தனக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று. நாளாக நாளாக மரத்தின் கவடுகள் நிரம்பிவிட்டன. பழையவை காய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நிலத்தில் படாமல், வீரை மரத்தின் அடர்ந்த நிழலில் தொங்கின.

எனக்கு வண்டு இல்லாத இடம் ஒன்று தேவைப்பட்டது, இளங்காட்டுக்கு உதாரணமாக. அக்காவின் காணி வசதி. போய் வர லேசு, தேத்தண்ணியும் கிடைக்கும். காணிக்குள் பொறுக்கிய கிளைகளை ஒரு பரலிலும், வீரை மரத்துக் கவடுகளில் எடுத்த காய்ந்த குழைகளை இன்னொரு பரலிலும் போட்டேன். சித்திரை மழை விழுந்த கையோடு அந்த இரண்டாவது பரலில் வண்டு வரத் தொடங்கியது. மற்ற இடங்களில் ஒன்று கிடைத்தாலே கொண்டாட்டம். இதில் வந்துகொண்டே இருந்தது. வலை முழுக்க மீசைகள். சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவர் மறுநாளே வந்து நின்றார். அவருடைய சந்தோசத்தைப் பார்க்க எனக்கும் சந்தோசமாக இருந்தது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. அடுத்த பருவத்திலும் எடுத்தோம், அதற்கடுத்த பருவத்திலும் எடுத்தோம். வன்னியில் இவ்வளவு அடர்த்தியாக அந்த வண்டு இருந்த இடம் வேறில்லை.

இது காடு செய்த வேலை இல்லை, அக்கா செய்த வேலை என்று நான் சேருக்குச் சொன்னேன். அவர் மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். கட்டுரையில் அதை விளக்கமாக எழுதுவோம் என்றார். எழுதவும் செய்தார், மனுசன் நேர்மையானவர். ஆனால் வரைபடத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் விளக்கம் எழுத இடமில்லை. காட்டுக்குள் போக வன இலாகாவிடம் அனுமதி எடுத்தபோது, கண்டுபிடிப்பதை அவர்களுக்குக் கொடுப்போம் என்று நாங்கள் ஒத்துக்கொண்டிருந்தோம். வரைபடம் அவர்களிடம் போனது.

அந்த வருடம் காட்டு எல்லைக்குக் கல் நடுகிற வேலை எங்கள் பக்கம் வந்தது. சண்டைக்காலத்தில் காடு பற்றிய காணிகளில் எது காணி, எது காடு என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. உறுதி உள்ளவர்கள் உறுதியைக் காட்டினார்கள். இல்லாதவர்களுக்கு நிலத்தைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்றார்கள். அக்காவின் காணியைப் பார்க்க வன இலாகாவிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்துக்கு வந்து, அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். அவருடைய கையில் எங்கள் வரைபடத்தின் பிரதி இருந்தது. என் புள்ளிகள்.

காணியைப் பார்க்கப் புறப்பட்டோம். வீரை மரத்தடிக்கு வந்ததும் அவர் நின்றார். எட்டி ஒரு கொப்பை முறித்துக் கவட்டில் தொங்கவிட்டார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள், நல்லாய் வளர்த்திருக்கிறார்கள் என்கிற சிரிப்பு. அவளும் தன்னுடைய இரண்டு கொப்புகளைப் போட்டாள்.

உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தார். உழுந்துப் பாத்தியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பின்னால் வெட்டாமல் கிடந்த பகுதியைப் பார்த்தார். முந்தின காலத்தில் குழை போட்ட மரம் காணிக்குப் பின்னால் இருந்தது, காடு அங்கேதான் தொடங்கியது என்று நான் சொன்னேன்.

"எங்க ரீச்சர், ஒருக்காக் காட்டுங்கோ" என்றார்.

பற்றைக்குள்ளால் நுழைந்து போனோம். பாலை மரம் இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பங்கர் குழி மூடத் தறித்திருப்பார்கள். அடிக்கட்டைகூட இல்லை, கறையான் தின்று முடித்திருந்தது. பள்ளத்தைக் காட்டி இங்கேதான் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். வகுப்பில் பாடம் மறந்துபோய் நிற்கிற மாதிரி இருந்தது.

திரும்பி வீரை மரத்துக்கு வந்ததும் அவர் அக்காவிடம் கேட்டார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இந்த மரத்தில குழை போடுறது நீங்களோ?"

"ஓம் தம்பி. நான் போடுறன், ஊராக்களும் போடுவினம்."

"எப்ப தொடக்கம்?"

"முகாமில இருந்து திரும்பி வந்த நாள் தொடக்கம்."

"ஏன் இந்த இடத்தில போடுறனீங்கள்?"

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவளுக்கு விளங்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை ஒரு வளர்ந்த பிள்ளை கேட்கலாமா என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"இதென்ன தம்பி கேள்வி? காட்டுக்குள்ள கால் வைக்கேக்க ஐயனாருக்குச் சொல்லாமல் போறதோ? நீங்களும் இப்ப போட்டனீங்கள்தானே."

"ஓமம்மா. நானும் காட்டுக்குள்ள போறதெண்டுதான் போட்டனான்" என்றார் அவர், மெல்லமாக.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், அக்கா மேல், அந்த மரத்தின் மேல். குழை போடுவது ஒரு வழக்கம், அதை வைத்து எல்லை பிரிக்க முடியாது, நாங்கள் வந்த நேரம் காடு பற்றிக் கிடந்தது, அதனால் ஒழுங்கையிலேயே போட்டோம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அந்த வண்டு இங்கே இருப்பதற்கே இந்தக் குழைதான் காரணம், அக்கா போடாவிட்டால் ஒரு வண்டுகூட இருக்காது என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரீச்சர், வண்டு என்னத்தால வந்தாலும் வந்திட்டுது. மூத்த காட்டு வண்டு இஞ்ச இருக்கு எண்டு படம் சொல்லுது. இதுக்கு அங்கால காடு எண்டு அம்மாவே சொல்லுறா. நான் என்னத்தை எழுதுறது?"

அவர் அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாரி மழைக்கு முன் கல் நட்டார்கள். கிணறும் உழுந்தும் காட்டுக்குள்ளே. ஒழுங்கையும் குடிசையும் வெளியே. வீரை மரத்துக்கு ஓரடி இந்தப் பக்கம் ஒரு கல். இந்த உழுந்தை மட்டும் பிடுங்கி எடுக்கலாம், அதற்குப் பிறகு மண்ணைக் கொத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பிடுங்கினாள். காயவைத்தாள், அடித்தாள், தூற்றினாள். எனக்கும் ஒரு பை தந்தாள். அதை நான் இன்னும் ஊறப்போடவில்லை.

விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதலாம், மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று சேர் சொன்னார். மறுபடி பார்க்க வந்தால் வண்டு இருக்கக் கூடாது. அது என் கையில் இருக்கிற சங்கதி, எனக்கு அந்த வண்டின் வாழ்வு முழுக்கத் தெரியும். பழைய குழைகளை இறக்கி எரித்துவிட்டு, புதிதாகப் போடாமல் விட்டால், உள்ளே இருக்கிற புழுக்களோடு கதை முடிந்துவிடும். அடுத்த மழைக்கு முட்டையிட வருகிற வண்டு கிளை இல்லாமல் திரும்பிப் போய்விடும். அந்தச் சிவப்பை நானே வரைபடத்திலிருந்து எடுப்பேன், எந்தப் பொய்யும் இல்லாமல்.

ஒரு மத்தியானம் அக்காவின் குசினியில் இருந்து இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள்.

"ஒரு வருசம் போடாமல் விடுங்கோ அக்கா. காணி திரும்பிக் கிடைச்சால் பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

"ஒரு வருசமோ?"

"ஒரு வருசம்தான்."

"அவர் காட்டுக்குள்ள அல்லோடி நிக்கிறார்" என்றாள்.

எனக்குத் தெரியும் அவள் இதைத்தான் சொல்வாள் என்று. ஆனாலும் அடக்க முடியவில்லை. இத்தனை வருடமும் நாங்கள் யாரும் அவளிடம் சொல்லாததை நான் சொன்னேன்.

"அத்தான் செத்துப்போனார் அக்கா. அண்டைக்கே செத்துப்போனார். குழையாலயும் இல்லை ஐயனாராலயும் இல்லை. நீங்கள் ஒரு செத்த மனுசனுக்காக இருக்கிற நிலத்தைக் குடுக்கிறீங்கள்."

அவள் கை நிற்கவில்லை. இலை உருவிய ஈர்க்கை ஒரு பக்கம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"எனக்கு அது தெரியாதெண்டே நினைக்கிறாய்?" என்றாள். "மாடு தனிய வந்தவுடனயே எனக்குத் தெரியும்."

"பிறகென்னத்துக்கு?"

"செத்தாலும் வெளிய வரோணும்தானே, தங்கச்சி."

நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். அழுதேன். கோபத்தில் அழுதேனா, வேறெதற்காகவும் அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அக்கா இப்போது வயற்காணிக்காரருக்குக் களை பிடுங்கப் போகிறாள். காலையில் போகிற வழியில் வீரை மரத்தடியில் நிற்கிறாள். கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே எட்டி இரண்டு கொப்புகளை முறிக்கிறாள். அந்தப் பக்கம் போக அவளுக்கு இனி அலுவல் இல்லை, ஆனாலும் தனக்கு ஒன்றை விடாமல் போடுகிறாள். அவற்றைக் கவட்டில் நன்றாகச் செருகுகிறாள், கீழே விழக் கூடாது. பிறகு திரும்பி ஒழுங்கையால் நடக்கிறாள்.

இந்தச் சித்திரையிலும் அங்கே கிளை எடுத்தேன். பரலில் வண்டு வந்திருக்கிறது, போன வருடத்தைவிடக் கூட. புள்ளி வைத்துவிட்டேன்.